பொன்னாடை போர்த்திய படம்

வந்திருந்தோரும் அவர்கள் இருந்த இடங்களும் வருமாறு:

தலைவர் திரு. சபாரத்தினம், நீள மேசையின் தலைப்பில், ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்தபடி. பண்பாட்டுக் குழுப் பொறுப்பாளர் திரு. அருட்பிரகாசம், தலைவருக்கு வலப்பக்கம். சட்ட ஆலோசகர் திரு. நிர்மலன், இடப்பக்கம், போன் சார்ஜ் போடும் சுவரோரம். பொருளாளர் திரு. பாலேந்திரா, நிர்மலனுக்கு அடுத்த கதிரையில், ஒருவரையும் நேரே பார்க்கத் தேவையில்லாத கோணத்தில். மகளிர் பிரதிநிதியும் கூட்டக் குறிப்பு எழுதுபவருமான திருமதி சிவமலர் பாலேந்திரா, சமையலறையில், கவிழ்த்து வைத்த பால் பெட்டியின் மேல். சிறப்பு விருந்தினர் தாதி றொசாந்தி, அதே சமையலறையில், கழுவுதொட்டியில் சாய்ந்தபடி, நின்ற நிலையில்.

இப்படித் தொடங்குவது வடமேற்கு லண்டன் தமிழர் நல்வாழ்வு மன்றத்தின் வழமை. சில வருடங்களுக்கு முன் ஆண்டு விழாவில் முன்வரிசையில் யார் இருந்தது என்று கிளம்பிய பிணக்கு, பல குடும்பங்களின் கல்யாண வீட்டுப் போக்குவரத்தை நிறுத்தி, கடைசியில் வழக்கறிஞர் கடிதம் வரை போனது. அதன் பிறகு மன்றத்தின் விதிகள் அடங்கிய யாப்பைத் திருத்தினார்கள். எந்தக் கூட்டத்தின் குறிப்பும் யார் எங்கே இருந்தார் என்பதோடுதான் தொடங்க வேண்டும். மண்டபத்துக்குள் கதிரையில் இருந்தவரே வந்தவர். வாசலில் நின்றவர், காருக்குள் இருந்தவர், ‘வந்து தலையைக் காட்டிப்போட்டுத்தான் போனனான்’ என்பவர் எவரும் வந்தவர் அல்லர். அப்படி ஐந்து பேர் வந்திருந்தால்தான் தீர்மானம் செல்லும்; அதுதான் கோரம். இந்தத் திருத்தத்தைச் சொல் சொல்லாகச் செதுக்கியவர் தலைவரே. நித்திரையில் கேட்டாலும் ஒப்புவிப்பார்.

அன்றைய கூட்டத்துக்கு விடயம் ஒன்றுதான். சுகாதாரப் பகுதியினர் பெண்களின் உடலைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் தயாரித்திருந்தார்கள். எந்த உறுப்புக்கு என்ன பெயர், எது எங்கே இருக்கிறது, எப்படியான மாற்றம் வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் தமிழ் மக்களின் அபிப்பிராயம் வேண்டும் என்று மன்றத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். வரும் கிழமைக்குள் மன்றத்தின் தீர்மானம் தபாலில் வந்து சேராவிட்டால் உள்ளபடியே அச்சிடுவோம் என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். விளக்கம் சொல்வதற்கு றொசாந்தியை அனுப்பியிருந்தார்கள். மன்னாரில் பிறந்து ஹரோவில் தாதியாக வேலை பார்ப்பவள்.

றொசாந்தி நேரத்தோடு வந்துவிட்டாள். கூடவே தூக்கிக்கொண்டு வந்த உருளையை நடு மண்டபத்தில் வைத்து மேலே இழுத்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு படம் எழும்பி நின்றது.

தலைவர் கதவைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். திரும்பி வெளியே போய், சரியான மண்டபந்தானா என்று கதவில் ஒட்டியிருந்த கடதாசியை வாசித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

“இது என்ன, பிள்ளை?”

“பெண்குறி, ஐயா. வெளிப்பக்கம். உள்பக்கம் பிரசுரத்தில இருக்கு.”

தலைவர் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். லண்டனுக்கு வந்து தபால் கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றாலும் பழைய தொழில் கண்ணை விட்டுப் போகவில்லை.

“ஸ்கேல் என்ன?”

“பெரிசாக்கிப் போட்டது ஐயா. பின்வரிசையில இருக்கிறவைக்கும் தெரிய வேணுமெல்லோ.”

“பின்வரிசையில இருந்து இதை ஆர் பாக்கப் போகினம்?” என்றவர், அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட மற்றவர்களையும் ஒரு தடவை பார்த்தார். அருட்பிரகாசம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலேந்திரா சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சப்பாத்தில் நூல் கிடையாது.

நிர்மலன் மட்டும் கடமை தவறாமல் தலைகளை எண்ணி, “அஞ்சு பேர். கோரம் இருக்கு,” என்றுவிட்டு போனைச் சார்ஜில் போட்டார்.

“பிள்ளையள்,” என்றார் தலைவர் சிவமலரையும் றொசாந்தியையும் பார்த்து. “நீங்கள் ரெண்டு பேரும் சமையலறைக்குள்ள இருங்கோ. நாங்கள் ஆம்பிளையள் இதைப் பாத்துக்கொண்டிருக்கேக்க நீங்கள் எங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறது அழகில்லை.”

“நான்தானே ஐயா விளக்கம் சொல்ல வந்தனான்?”

“விளக்கம் தேவையெண்டால் கூப்பிடுவம். விளக்கம் தேவையோ எண்டதை முதலில தீர்மானிக்க வேணும். மிஸிஸ் பாலேந்திரா, ஒண்டை மட்டும் வடிவாக் குறிச்சுக்கொள்ளுங்கோ. படம் திறந்திருந்த நேரம் முழுக்க ஒரு பெண்ணும் மண்டபத்துக்குள்ள இருக்கேல்லை. ரெண்டு பேரும் சமையலறைக்குள்ளதான். நாளைக்கு ஒருத்தரும் எங்களை ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது.”

சிவமலர் குறித்துக்கொண்டாள். சாவகச்சேரியில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் போட்டி என்றால் மற்றப் பிள்ளைகள் பெயர் கொடுக்க மாட்டார்கள். திகதி வலது மூலையில், பொருள் அடிக்கோட்டோடு, சொல்ல வந்தது ஒழுங்கு பிசகாமல். மன்றத்தில் அவளை மகளிர் பிரதிநிதியாகப் போட்டதும் அந்தக் கையெழுத்துக்காகத்தான்.

ஆனால் அன்றைக்கு அவள் கையெழுத்துக்காக வரவில்லை. அவளுக்கு உடம்பில் ஒரு வருத்தம் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக, ‘கீழே’ என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்த ஓரிடத்தில், விடாத கடி, சொறிந்தும் அடங்காத அரிப்பு. இரவில் நித்திரை இல்லை. கழிப்பறையில் சலம் போகும்போதெல்லாம் எரிவு. கணவரிடம் “கீழ கடிக்குது” என்றாள். அவர் உடனே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு என்பதால் பக்கத்தில் இருந்து அவரே மொழிபெயர்த்தார். பாலேந்திரா என்ற மனிதரின் வாயில் அந்த இடத்துக்கு ஒரு சொல் இல்லை. கிட்டத்தட்ட அந்தப் பக்கம் உள்ளதாக அவர் கண்டுபிடித்த முதல் மரியாதையான சொல் வயிறு. டொக்டர் வயிற்றுக்குக் குளிசை எழுதினார். சிவமலர் ஒழுங்காகச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டாள். வயிறு வெகு திறமாக இருந்தது. கடி அப்படியே இருந்தது.

அந்தப் பிரசுரம் ஒன்று கைக்குக் கிடைத்தால், எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் வந்தாள்.

சமையலறைக்கு வேறு வாசல் கிடையாது. வெளியே போவதென்றால் மண்டபத்துக்குள்ளால், படத்துக்கு முன்னால்தான் போக வேண்டும். சுவரில் தேத்தண்ணீர் கொடுக்கும் பலகணி ஒன்று இருந்தது. அதன் மரக்கதவை அருட்பிரகாசம் தன் கையால் இழுத்து மூடினார்.

“மூடினால் நான் என்னெண்டு குறிப்பு எழுதிறது?” என்று உள்ளே இருந்து கேட்டாள் சிவமலர்.

ஆலோசித்து, நான்கு விரல் அளவுக்குத் திறந்தார்கள். காது கேட்கும், கண் தெரியாது. பால் பெட்டியில் இருந்து கழுத்தைச் சரித்தால் தலைவரின் டையின் நுனி மட்டும் தெரிந்தது. கீழ்மாடியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் உடல் உறுப்புகளின் பெயர்களைச் சத்தம் போட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். தலை, கழுத்து, தோள், கை, இடுப்பு. இடுப்பில் இருந்து நேரே முழங்காலுக்குப் போனார்கள்.

முதலில் அருட்பிரகாசம் எழுந்தார்.

“தலைவர் அவர்களே, சபையோரே. எங்கட பெண்கள் தெய்வங்கள். தெய்வத்தை நாங்கள் எப்பிடிப் பாக்கிறம்? முகத்தைப் பாக்கிறம், பாதத்தைப் பாக்கிறம். இடையில என்ன இருக்கெண்டு எந்தப் பக்தனாவது கேட்டிருக்கிறானோ? இந்தப் பிரசுரத்தில ஒரு பக்கத்திலயே நாலு இடத்தில அந்தச் சொல் வருகுது. நான் எண்ணிப் பாத்தனான். ரெண்டாந்தரமும் எண்ணினனான். என்ர மனுசி இண்டைக்கு வரைக்கும் அந்தச் சொல்லை வாயில எடுத்ததில்லை. போன வருசம் ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் முடிஞ்சு வரேக்க கூட, என்ன ஒப்பரேசன் எண்டு நான் கேக்கவுமில்லை, அவ சொல்லவுமில்லை. அதுதான் ஐயா பண்பாடு!”

கை தட்டினார்கள். சிவமலர் ‘கரகோஷம்’ என்று எழுதினாள்.

“அப்ப அந்தச் சொல்லுக்கு என்ன போடுறது?” நிர்மலன் கேட்டார்.

“அந்த இடம்,” என்றார் அருட்பிரகாசம்.

“இதில கன இடம் இருக்கே, அண்ணை. வெளி உதடு, உள் உதடு, கந்து, யோனி...”

“ஐசே, வாசிக்காதையும்! உள்ளுக்குப் பெண்கள் இருக்கினம்!”

தலைவர் கையை உயர்த்தினார். இது அவருடைய துறை. “காணி உறுதியில நாங்கள் பேர் போடுறதில்லை. துண்டு ஒண்டு, துண்டு ரெண்டு எண்டுதான் போடுறது. அப்பிடியே போடுவம். ஆனால் எல்லை சரியா இருக்க வேணும். இந்தப் படத்தில வடக்கு எது?”

ஒருவருக்கும் தெரியவில்லை. வடக்கு எது என்று தீர்மானிக்காமல் துண்டுகளுக்கு இலக்கம் போட முடியாது என்றார் தலைவர். படத்தை நேரே பார்க்காமல், நிர்மலனின் போனில் பிரதிபலித்த பிம்பத்தைப் பார்த்து வடக்கைக் குறிக்க முயன்றார்கள். பிம்பத்தில் இடம் வலமாகிவிட்டதால் அது தெற்கோ என்று இன்னொரு விவாதம் எழுந்தது.

சமையலறையில் றொசாந்தி கேத்தலைப் போட்டாள். சமையல் மேடையில் கிடந்த துடைக்கும் துணிகளைத் தள்ளிவிட்டு, தன் பையில் இருந்து ஒரு பிரசுரத்தை எடுத்து சிவமலருக்கு முன்னால் விரித்தாள்.

“அவை வடக்கைக் கண்டுபிடிக்கட்டும் அக்கா. நீங்கள் இதைப் பாருங்கோ. இந்த முழுப் பகுதிக்கும் பேர் பெண்குறி. வெளியில தெரியிறது எல்லாம் அதுதான். யோனி எண்டுறது உள்ளுக்குப் போற பாதை. கனபேர் எல்லாத்தையும் ஒண்டெண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். இது வெளி உதடு, இது உள் உதடு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சின்னன், அது வருத்தமில்லை. மேல இந்த மொட்டு மாதிரி இருக்கிறது கந்து.”

“அது என்னத்துக்கு?”

“சந்தோசத்துக்கு, அக்கா. வேற ஒரு வேலையும் இல்லை அதுக்கு.”

சிவமலருக்கு முகம் சூடாகியது. சிரிப்பும் வந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் இந்தப் பாடம் வந்ததும் ‘இதை வீட்டை போய்ப் படியுங்கோ’ என்றார். வீட்டில் அப்பா அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துத் தைத்திருந்தார். அந்தத் தையலை அவள் இன்றைக்குத்தான் பிரிக்கிறாள் போலிருந்தது.

மண்டபத்தில் அடுத்த பிரச்சினை கிளம்பியது. “துவாரம் மூண்டு எண்டு போட்டிருக்கினம்,” என்றார் நிர்மலன், தாளைப் பார்த்து.

“மூண்டோ?” என்றார் தலைவர்.

“ரெண்டுதான்,” என்றார் அருட்பிரகாசம் உறுதியாக.

“பாலேந்திரா, நீர் என்ன சொல்லுறீர்?”

பாலேந்திரா தொண்டையைச் செருமினார். “தலைவர் என்ன சொல்லுறீங்களோ அதுதான்.”

“நிர்மலன்?”

“நான் வாயால ஒண்டும் சொல்ல மாட்டன். எழுத்தில கேட்டால் எழுத்தில பதில் தருவன்.”

மேசையைச் சுற்றி இருந்த நால்வருக்கும் சேர்த்து ஒரு கிரிக்கெட் அணிக்குப் போதுமான பிள்ளைகள் இருந்தார்கள். ஆயினும் இந்த விடயத்தில் ஒருவரிடமும் நேரடித் தகவல் இல்லை. மகளிர் பிரதிநிதியிடம் கேட்கலாமே என்று நிர்மலன் மெல்லச் சொன்னார். அவவின் கூச்சத்தை மதித்துக் கேட்காமல் விடுவோம் என்றார் தலைவர். வாக்கெடுப்பு நடந்தது. மூன்றாவது துவாரம் ஏகமனதாக நீக்கப்பட்டது.

“எழுதியாச்சோ, மிஸிஸ் பாலேந்திரா?”

“ஓம், எழுதிறன்.” எழுதிவிட்டு, றொசாந்தியின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: “மூண்டுதானோ?”

“மூண்டு அக்கா. முன்னுக்கு இந்தச் சின்னன், சலம் போறது. அதுக்குக் கீழ யோனி. பிள்ளை வாறதும் அதாலதான், தீட்டு வாறதும் அதாலதான். பின்னுக்கு மலம் போறது.”

“நான் ரெண்டு பெட்டையளைப் பெத்தனான், றொசாந்தி.”

“பெத்தவை கனபேருக்குத் தெரியாது அக்கா. நீங்கள் பெறேக்க மற்றப் பக்கத்தில நிண்டவைதானே பாத்தவை.”

கேத்தல் கொதித்து அடங்கியது. மெட்ரோபொலிட்டன் ரயில் ஒன்று யன்னலை நடுக்கிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்குள் சிவமலர் சொல்லிவிட்டாள். கடி, எரிவு, நித்திரையில்லாமை, வயிற்றுக் குளிசை எல்லாவற்றையும் ஒழுங்கு பிசகாமல்.

றொசாந்தி சிரிக்கவில்லை. “எந்த இடம் எண்டு காட்டுங்கோ.”

சிவமலரின் விரல் படத்துக்கு மேலே சற்று நேரம் அலைந்து, உள் உதட்டின் ஓரத்தில் போய் நின்றது.

“தோல் வெள்ளையாக் கிடக்கோ?”

“ஆர் கண்டது?”

“நீங்கள்தான் காண வேணும். கைக்கண்ணாடி ஒண்டு போதும். என்னத்தாலை கழுவுறனீங்கள்?”

“சுடுதண்ணியும் சவர்க்காரமும். கடி கூடினால் கிருமிநாசினியும் கொஞ்சம்.”

“கடவுளே. அதை இண்டையோட விடுங்கோ. வெறும் தண்ணி போதும். இது தோல் வருத்தமா இருக்கலாம், வேற என்னமாவும் இருக்கலாம், பாத்தால்தான் சொல்ல ஏலும். தோல் வருத்தமெண்டால் பூசுறதுக்கு நல்ல களிம்பு இருக்கு. ஆனால் பாக்காமல் விடக்கூடாது அக்கா. இந்த வயசில இப்பிடி ஒரு மாற்றம் நாள்பட்டு இருந்தால் கட்டாயம் ஒருத்தர் பாக்க வேணும். ஸ்மியர் டெஸ்டுக்குக் கடிதம் வந்ததோ?”

“வந்தது. இவர் ஒண்டும் தவறாமல் பைலில போட்டு வைச்சிருக்கிறார்.”

“நல்ல மனுசன்,” என்றாள் றொசாந்தி. “அது கருப்பைக் கழுத்தைப் பாக்கிற சோதினை. அது வேற, இது வேற. ரெண்டுக்கும் போங்கோ. பொம்பிளை டொக்டர் வேணுமெண்டு கேக்கலாம். மொழிபெயர்க்க வெளியாள் வேணுமெண்டும் கேக்கலாம், காசில்லை. சொல்லக் கூச்சமெண்டால் எழுதிக் குடுங்கோ. தமிழிலயே எழுதுங்கோ, மொழிபெயர்ப்பிக்கிறது அவையின்ர வேலை.”

இவ்வளவும் முடிய, பலகணிக்கு அப்பால் மன்றம் படத்தை என்ன செய்வது என்ற கட்டத்துக்கு வந்திருந்தது. தாமரைப் பூவைப் போடலாம் என்றார் அருட்பிரகாசம். அது ஒரு கட்சியின் சின்னம், அரசியல் கலக்கும் என்றார் நிர்மலன். ரோசாப்பூ என்றால் காதலர் தினம் மாதிரி இருக்கும். குத்துவிளக்கு என்றால் வேதக்காரருக்குச் சரிவராது. மெழுகுதிரி என்றால் சைவக்காரர் கேட்பார்கள். வெறுமையாக விட்டால் சனம் என்ன இருந்தது என்று யோசிக்கும்.

“ஒருத்தரும் ஆட்சேபிக்காத படமொண்டு வேணும்,” என்றார் தலைவர், டையைச் சரிபண்ணியபடி.

பாலேந்திரா, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். “தலைவற்ற படத்தைப் போட்டால் என்ன?”

தலைவர் வேண்டாம் வேண்டாம் என்றார். பிறகு, மன்றம் விரும்பினால் என்றார். பிறகு, போன வருடப் பொங்கல் விழாவில் எடுத்த படம் தெளிவாக இருக்கும் என்றார். பெண்குறிப் படம் இருந்த இடத்தில், அதே அளவில், தலைவரின் படமும் வாழ்த்துச் செய்தியும் பிரசுரிப்பதென்று தீர்மானித்தார்கள். வாழ்த்துச் செய்தியை அவர் அப்போதே சொன்னார்: “அன்பார்ந்த தாய்மாரே, சகோதரிகளே. உங்களுக்கு ஏதாவது இருந்தால், அதை உரியவரிடம், உரிய முறையில் சொல்லவும்.”

பெயர், படம், துவாரம் எல்லாம் வெட்டுப்பட்ட பிறகு பிரசுரத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த சிவமலரின் பேனை அந்த இடத்தில் நின்றது. ஏதாவது. உரியவரிடம். இதைத்தானே அவள் ஒரு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள். இனி லண்டனில் கடியோடு இருக்கிற தமிழ்ப் பெண்களெல்லாம் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றுக்குக் குளிசை போடப் போகிறார்கள்.

அவள் எழும்பிப் பலகணியில் தட்டினாள். “தலைவர், நானும் ஒண்டு சொல்ல வேணும்.”

“சொல்லலாம், தாராளமாச் சொல்லலாம்,” என்றார் தலைவர் அன்பாக. “ஆனால் மண்டபத்துக்குள்ள வந்துதான் பேசலாம். அது யாப்பு.”

“அப்ப வாறன்.”

“வர ஏலாது. படம் திறந்திருக்கு.”

“படத்தை மூடுங்கோவன்.”

மூடுவதென்றால் தொட வேண்டும். நான்கு பேரும் படத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். உருளையை எப்படிக் கீழே இறக்குவது என்று றொசாந்திக்குத்தான் தெரியும். அவள் வந்து இறக்கலாம். ஆனால் படம் இறங்கும் வரைக்கும் அவள் வர முடியாது. றொசாந்தி பலகணியூடாகத் தனக்குப் பின்னேரம் கிளினிக் இருக்கிறது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றாள். அவசரப்படுத்தக்கூடாது, இது நடைமுறைப் பிரச்சினை என்றார் நிர்மலன். தேத்தண்ணீரைப் பலகணியின் நான்கு விரல் இடைவெளிக்குள்ளால் கொடுக்க முயன்றதில் கோப்பை சிக்கிக்கொண்டது. கீழே தமிழ் வகுப்பு விட்டு, பிள்ளைகள் போய், கார்க்கதவுகள் சாத்துகிற சத்தமும் ஓய்ந்தது. பெண்கள் இருவரும் உள்ளேயே இருந்தார்கள்.

கடைசியில் அருட்பிரகாசத்துக்கு வழி தெரிந்தது. சிறப்பு விருந்தினருக்குப் போர்த்துவதற்காகச் சவுத்தாலில் வாங்கிய பொன்னாடை மேசையில் இருந்தது. தலைவரும் அவரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடியபடி, படத்தை நோக்கி நடந்தார்கள். “வலது பக்கம், அண்ணை... இன்னும் கொஞ்சம் வடக்கால,” என்று பாலேந்திரா சுவரைப் பார்த்தபடி வழிகாட்டினார். சரிகைக் கரை பளபளக்கப் பொன்னாடை படத்தின் மேல் விழுந்தது. அருட்பிரகாசம் பழக்கதோஷத்தில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நிர்மலன் ஒரு போட்டோவும் எடுத்துவிட்டார்.

பெண்கள் வெளியே வந்தார்கள். றொசாந்தி நேரே போய் உருளையின் அடியில் எதையோ விடுவித்தாள். ‘சர்ர்’ என்று படம் கீழே இறங்கியது. பொன்னாடையும் அதோடு சுருண்டு உருளைக்குள் போய்விட்டது.

“பிள்ளை, பொன்னாடை!” என்றார் தலைவர்.

“படத்துக்குப் போர்த்தினதுதானே ஐயா. அதுவே வைச்சிருக்கட்டும்.” உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.

“சரி, மிஸிஸ் பாலேந்திரா, என்னவோ சொல்ல வேணும் எண்டீங்களே?”

சிவமலர் வாயைத் திறந்தாள். அதற்குள் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மண்டப வாடகை நேரம் முடிந்துவிட்டது. கூட்டம் கலைந்தது. தலைவர் குறிப்புத் தாளின் அடியில், இன்னும் எழுதாத பக்கத்திலேயே, கையெழுத்தை வைத்தார்.

“நீங்கள் ஆறுதலா வீட்டை போய் வடிவா எழுதி, நாளைக்கே தபாலில போட்டுவிடுங்கோ. உங்கட எழுத்தை நான் வாசிச்சுப் பாக்க வேண்டிய அவசியமே இல்லை.”

காரில் பாலேந்திரா வானொலியைப் போட்டார். “மூண்டோ ரெண்டோ, எங்களுக்கு என்ன,” என்றார் பொதுவாக.

மறுநாள் காலை அவர் தோட்டத்தில் புல் வெட்டப் போனதும், சிவமலர் அவருடைய சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அறைக் கதவைப் பூட்டினாள். ஐம்பத்து நான்கு வயதில் அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். பிரசுரத்தில் உள்ளது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. உள் உதட்டோரத்தில் தோல் கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். ஆனால், இவ்வளவுதானா, இதற்கா ஒரு மன்றம் கூடியது என்றுதான் தோன்றியது. கண்ணாடியைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்தாள்.

பிறகு மேசைக்கு முன்னால் இருந்து, தலைவர் கையெழுத்து வைத்த தாளில் கூட்டக் குறிப்பைச் சுத்தமாகப் பிரதி பண்ணினாள். தலைவர் சொன்ன ஒரு சொல்லையும் விடவில்லை. வந்திருந்தோரும் அவர்கள் இருந்த இடங்களும். ஒரு பெண்ணும் மண்டபத்துக்குள் இருக்கவில்லை. அங்கே வந்ததும் பேனை தானாக நின்றது. யாப்பை எடுத்துப் பார்த்தாள். மண்டபத்துக்குள் கதிரையில் இருந்தவரே வந்தவர். மண்டபத்தில் ஆட்கள் இருந்த கதிரைகளை மனதுக்குள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எழுதினாள்: ‘யாப்பின்படி நால்வர் மட்டுமே வந்திருந்தமையால் கோரம் இருக்கவில்லை. எனவே மன்றம் எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை.’ தலைவரின் கையெழுத்து அதற்குக் கீழே, அளந்து வைத்தது போல் சரியாக இருந்தது.

இனிப் பிரசுரம் உள்ளபடியே அச்சாகும். தாளைச் சுகாதாரப் பகுதிக்கு விலாசமிட்ட உறையில் போட்டு, ஒட்டி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, புதுத்தாள் ஒன்றை எடுத்தாள். திகதியை வலது மூலையில் போட்டாள்.

‘மதிப்புக்குரிய டொக்டருக்கு. பொருள்: சென்ற வருடம் உங்கள் அறையில் நடந்த சந்திப்பு. அன்று வந்திருந்தோரும் அவர்கள் இருந்த இடங்களும் வருமாறு: நீங்கள், கணினிக்கு முன்னால். என் கணவர், உங்களுக்கு எதிர்க் கதிரையில். நான், கதவோரத்துக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்தபடி. அன்று பேசப்பட்டது என் வயிறு. அது நலமாக உள்ளது. வருத்தம் பெண்குறியில், உள் உதட்டின் இடப்பக்க ஓரத்தில். ஒரு வருடத்துக்கு மேலாகக் கடி, எரிவு, தோல் வெளுப்பு. இத்துடன் உள்ள படத்தில் அடையாளமிட்டுள்ளேன். நான் எதிர்க் கதிரையில் இருக்காதபடியால் அந்தச் சந்திப்பை நடந்ததாகக் கொள்ளாமல், ஒரு பெண் வைத்தியரோடும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடும் விரைவில் மீண்டும் கூட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

றொசாந்தி தந்த பிரசுரத்தில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி வைத்தாள். தாளை மடித்துக்கொண்டிருக்கும்போது பாலேந்திரா புல் ஒட்டிய சப்பாத்தோடு உள்ளே வந்தார்.

“ஆருக்கு எழுதுறீர்?”

“டொக்டருக்கு.”

“ஏன், வயிறு இன்னும் சரிவரேல்லையோ?”

“எனக்கு வயித்தில ஒரு நாளும் ஒண்டும் இருக்கேல்லை. பெண்குறியிலதான் வருத்தம்.”

பாலேந்திரா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றையும் எடுக்காமல் மூடினார்.

“நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன், என்ன?”

“ஓம்.”

“கூடாத வருத்தமோ?”

“பாத்தால்தான் தெரியுமாம்.”

அவர் மேசை லாச்சியைத் திறந்து, பைல்களுக்கு அடியில் இருந்து முத்திரைகளை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார். போகாமல் நின்றார்.

“இந்த முறையும் நான் கூட வரவேணுமோ?”

சிவமலர் உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து, இரண்டு பெருவிரல்களாலும் அழுத்தி ஒட்டினாள்.

“வாங்கோ,” என்றாள். “கதவோரத்துக் கதிரை உங்களுக்கு.”

முத்திரையை ஒட்டி, இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டு, தெருமுனைத் தபால்பெட்டி வரை தனியாகவே நடந்தாள். மன்றத்தின் கடிதத்தை முதலில் போட்டாள். தன்னுடையதை, பின்பக்கத்தில் தன் பெயர் தெரியும்படி ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அதையும் உள்ளே விட்டாள்.